மூன்றாம் வரிசை, இடமிருந்து வலம்

2023ஆம் ஆண்டு மார்ச் 16, வியாழக்கிழமை. செங்கல்பட்டில் காலை எட்டு மணிவரை கொளவாய் ஏரியின்மேல் மெல்லிய பனி படர்ந்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் அது விலகி வெயில் சுள்ளென்று ஏறியது, காற்று இல்லை. திருக்கழுக்குன்றம் சாலையிலுள்ள ஒரு தனியார் கலைக் கல்லூரியின் வணிகவியல் இறுதியாண்டு மாணாக்கர் அன்று குழுப்படம் எடுத்துக்கொண்டனர். ஆண்கள் வரிசையில், பெஞ்சின்மேல், சட்டையும் பேண்டும் அணிந்து நின்ற அன்பரசி, மறுநாள் அச்சாகி வந்த படத்தில் பெண்கள் வரிசையில், பிஸ்தா பச்சை நிறச் சுடிதார் அணிந்து நின்றுகொண்டிருந்தாள்.

குழுப்படத்திற்கு அந்தக் கல்லூரியில் மாறாத முறை ஒன்று உண்டு. முதல் வரிசையில் ஆசிரியர்கள் நாற்காலிகளில் அமர்வார்கள். கைப்பிடி வைத்த நாற்காலி முதல்வருக்கு மட்டும். அவர்களுக்குப் பின்னால் தரையில் மாணவியர் நிற்பார்கள். அவர்களுக்கும் பின்னால், வகுப்பறையிலிருந்து தூக்கிவந்த பெஞ்சுகளின்மேல் மாணவர்கள் கைகட்டி நிற்பார்கள். படத்தின் அடியில் ஒவ்வொருவர் பெயரும் வரிசை வாரியாக, இடமிருந்து வலமாக அச்சிடப்படும். பிறகு கண்ணாடிச் சட்டமிட்டு நடைக்கூடச் சுவரில் மாட்டப்படும். கல்லூரி தொடங்கிய ஆண்டிலிருந்து மாட்டப்பட்ட படங்கள் அனைத்தும் அங்கேயே தொங்கின. ஒன்றையும் எவரும் கழற்றியதில்லை. அன்பரசி விரும்பியது அந்தச் சுவரில் ஓர் இடம். இரண்டாம் வரிசையில், தரையில், அன்பரசி என்னும் பெயரோடு. பெஞ்சிலிருந்து இறங்கி முன்னால் வர அனுமதி வேண்டுமெனத் துறைத்தலைவரிடம் அவள் பலமுறை கேட்டிருந்தாள். சேர்க்கைப் பதிவில் ஆண் பெயர்தான் உள்ளது என்று அவர் ஒவ்வொரு முறையும் பதிலளித்தார். அந்தப் பெயரை இந்த வரலாறு எழுதப்போவதில்லை.

அவள் செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டும் வேண்டாவின் ஒரே பிள்ளை. வேண்டா தன் பெற்றோருக்கு நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்வதற்காக வைத்த பெயர் அது. அப்பெயரைச் சுமந்து வளர்ந்தவள் தனக்கு ஆண் பிள்ளை பிறந்த நாளில்தான் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் முன்னால் போய் உட்காரத் தொடங்கினாள். ஆகவே தன் பிள்ளை பெண் என்பதை அவள் ஏற்கவில்லை. ஏற்கும்படி அவளைக் கேட்கும் துணிவு அன்பரசிக்கும் இல்லை. அன்பரசி என்று முதன்முதலில் அழைத்தவள், அதே செய்யூர்ப் பேருந்தில் வரும் இயற்பியல் மாணவி எல்லம்மாள். மற்றவர்கள் அப்பெயரைக் கேலிக்கு மட்டும் பயன்படுத்தினார்கள்.

படத்தை எடுத்தவர், ரயில் நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் தாவீது. துறைத்தலைவர் படத்தைப் பார்த்ததும் அவர்மேல் பாய்ந்தார்.

"கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டினியாய்யா? அவன் சொன்னானா?"

"கேமரா மேல சத்தியமா ஒண்ணும் பண்ல சார். புடிச்சன், போட்டன். இன்னா வுழுந்துச்சோ அதான் கீது."

மாணவர்கள் படத்தைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். "டேய், நம்ம அன்பு அக்கா பெஞ்சுலேந்து எகிறிக் குதிச்சு முன்னாடி பூட்ச்சுடா!" என்று கூவினான் பன்னீர்செல்வம். கடைசி வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் அவன்தான். பேருந்தில் எல்லம்மாள் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "சும்மா ஜம்முனு நிக்கறடி. யார்கிட்ட தெச்ச இந்தச் சுடிதார?" என்றாள். அப்படியொரு சுடிதார் அன்பரசியிடம் இருந்ததே இல்லை. அவள் படத்திலிருந்த தன் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை குறுகாமல் இருந்தன.

மறு வாரம் படத்தை மீண்டும் எடுப்பதென முடிவாயிற்று. அன்பரசி அன்று கல்லூரிக்கு வரக்கூடாது என்று உத்தரவு. அவள் மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஏறி, கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே அலை வந்து தொடும் இடத்தில், படகுகளுக்கு நடுவே மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். அச்சாகி வந்த படத்தில் அவள் பெண்கள் வரிசையிலேயே நின்றாள். சுடிதாரின் கால்பகுதி நனைந்து, கணுக்காலில் மணல் ஒட்டியிருந்தது. வேறொரு மாற்றமும் அதில் காணப்பட்டது. ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருந்த துறைத்தலைவர், முதல்வரின் கைப்பிடி நாற்காலியில், முதல்வரின் மடிமேல் அமர்ந்திருந்தார். முதல்வர் கோதண்டராமன் படத்தை நெடுநேரம் பார்த்தார். அதன்பின் எந்தக் குழுப்படத்திலும் அவர் அமரவில்லை. கேமராவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மூன்றாம் முறை அவரே அன்பரசியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து பெஞ்சின்மேல் ஏற்றினார். அந்தப் படத்தில் அவளும் இடம் மாறினாள்; கூடவே அவள் வகுப்பு மாணவர்களான கிச்சாவும் ஸ்ரேயாஸும் மாறினார்கள். மூன்றாம் வரிசையின் இரண்டு கோடிகளில் நிறுத்தப்பட்ட அவ்விருவரும் வரிசையின் நடுவே, கைகோத்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் ஒரே வண்டியில் முட்டுக்காடு வரை போய்வருவதை அதுவரை எல்லாரும் நட்பென்று எண்ணியிருந்தார்கள். மடைப்பள்ளியில் பிரசாதம் சமைக்கும் கிச்சாவின் தகப்பனார் உப்பிலி மறுநாளே வந்து, படத்தைப் பார்த்து, தலையில் கைவைத்து முதல்வரின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கையாலதானேடா உனக்கு ஊட்டி விட்டேன்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். குணப்படுத்தித் தருவதாகச் சொன்ன சென்னை மருத்துவர் ஒருவரிடம் கிச்சா கொண்டுபோகப்பட்டான். மூன்று மாதம் கழித்துத் திரும்பியபோது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று. ஸ்ரேயாஸ் ஓசூரில் மாமாவின் டயர் கடைக்கு அனுப்பப்பட்டான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். துறைத்தலைவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. நாற்காலி ஆசை அக்கல்லூரியில் குற்றமாகக் கருதப்படுவதில்லை.

ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நிற்க விரும்புகிறாரோ அந்த இடத்தில் படத்தில் நிற்கிறார் என்பதைக் கோதண்டராமன் உணர்ந்துகொண்டார். வேறு கல்லூரியில் தாவீது எடுத்த படங்கள் ஒழுங்காகவே வந்தன என்பதையும் விசாரித்து அறிந்தார். அன்பரசிக்கு அவள் விரும்பிய வரிசையை மறுத்தால்தான் மற்றவர்களும் இடம் மாறினார்கள். அவர் அவளை அறைக்கு அழைத்து, உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதன்முறை.

"உனக்கு வேண்டியது அந்த வரிசை. எனக்கு வேண்டியது என் காலேஜ் சுத்தமா இருக்கணும். ஒவ்வொரு டிபார்ட்மென்ட் போட்டோவிலயும் பசங்களோட நில்லு, போதும். கடைசியில உன் கிளாஸ் போட்டோவ மறுபடி எடுப்போம். புடவை கட்டிண்டு வா. பொண்ணுங்களோட நில்லு. கீழ பேரு நீ சொல்றதையே போடச் சொல்றேன்."

"முடியாதுன்னா சார்?"

"முடியாதுன்னா ஒண்ணுமில்ல. உன் ஹால்டிக்கெட் என் டிராயர்ல பத்திரமா இருக்கு."

அவள் யோசிக்க நேரம் கேட்கவில்லை, சரி என்றாள். ஹால்டிக்கெட்டுக்காக அவள் இணங்கினாள் என்று பிற்காலத்தில் சிலர் பரிவோடு சொன்னார்கள். வரிசைக்காகத்தான் இணங்கினாள். அந்த உண்மையை மறைப்பதற்கில்லை.

அதன் பிறகு துறை துறையாகப் படம் எடுக்கப்பட்டது. கணிதத்தில் இருவர் அகப்பட்டனர். கணினி அறிவியலில் மூவர். தமிழ்த்துறையில் துப்பட்டா போட்டுப் பெண்களோடு நின்ற ரூத், படத்தில் ஆண்கள் வரிசையின் நடுவே, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, மார்பில் கைகட்டி நின்றாள். நின்றான் என்று எழுதுவதே முறை. ரூத்தின் வீட்டார் அவனை அறையில் பூட்டி, பேய் ஓட்டவென்று ஆட்களை வரவழைத்து, குரல் கம்மும்வரை ஜெபித்தார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மாவோடு வந்த அன்று, ரூத் நடைக்கூடத்தில் அன்பரசியை நிறுத்தினான். அவன் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது.

"உனக்கு ஒரு எடம் வேணும்னு எல்லார் எடத்தையும் புடுங்கிட்டியேடி" என்றான். துப்பவும் செய்தான். அது அவள் செருப்பின்மேல் விழுந்தது. அவள் துடைக்கவில்லை, அடுத்த நாள் வரலாற்றுத் துறைப் படத்தில் போய் நின்றாள்.

ஊர் இதை விரைவில் பழகிக்கொண்டது. படம் அச்சாகும் மாலைகளில், தேர்வு முடிவு பார்க்க வருவதுபோலப் பெற்றோர் தாவீதின் ஸ்டுடியோ வாசலில் கூடினார்கள். சுண்டல் வண்டி ஒன்று அங்கேயே நிலையாக நின்றது. தம் பிள்ளை நிறுத்திய இடத்திலேயே நிற்பதைக் கண்டவர்கள் அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, ஜாதகத்தோடு வைத்தார்கள். பெண் கேட்டுப் போகும் வீடுகளில் கல்யாணத் தரகர்கள், "தாவீது படம் கீதா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். தாவீது பெயர்ப்பலகையைப் பெரிதாக மாற்றினார். அவருக்கு அன்பரசியின்மேல் இரக்கம் இருந்தது. டீ வாங்கிக் கொடுப்பார். கேமராவை மட்டும் அவர் கீழே வைக்கவில்லை.

இயற்பியல் துறை கடைசியாக வந்தது. முதல் நாள் மாலை, செய்யூர்ப் பேருந்தில் எல்லம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாளைக்கு எங்களுது."

"தெரியும்."

"மேக்னா அந்தக் கோடியில நிப்பா, நான் இந்தக் கோடியில. உயரப்படி. படத்துல எங்க நிப்பன்னு எனக்கே தெரியும்டி." அவள் குரல் தாழ்ந்தது. "எங்கண்ணன் இப்பவே ஸ்டுடியோவுல சொல்லி வச்சிகீறான். வைகாசில மாமா பையனோட கல்யாணம். படத்தப் பாத்தான்னா ஒண்ணு என்ன வெட்டுவான், இல்ல அவள வெட்டுவான். பேசற ஆளு இல்ல அவன்."

"நான் நாளைக்கு வரல. எங்கனா பூட்றேன்."

"கடலுக்குப் போயி குந்திக்கினு இருந்தியே, அப்ப மட்டும் வரலயா? நீ எங்க போனாலும் வந்து நிக்கறடி. உன் ஆச அப்படி." எல்லம்மாள் இப்போது திரும்பிப் பார்த்தாள். அவள் அழவில்லை. "உன்னால எதுனா பண்ண முடியுமா அன்பு? முடியும்னா பண்ணு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, நாங்க ரெண்டு பேரும் ராவோட ராவா எங்கனா போறம்."

முடியும் என்றாள் அன்பரசி. எப்படி என்று அவளுக்கு அப்போது தெரியாது. பேருந்து இறங்கி வீடு சேர்வதற்குள் தெரிந்துவிட்டது. வழி ஒன்றுதான் இருந்தது: ஆண்கள் வரிசையில் நிற்க அவள் விரும்ப வேண்டும். நின்றால் போதாது, சகித்தாலும் போதாது. உள்ளபடியே விரும்ப வேண்டும்.

மறுநாள் பெஞ்சுகள் போடப்பட்டபோது தரை ஈரமாக இருந்தது. மூன்றாம் வரிசைக்கு ஆள் குறைந்ததால், பெஞ்சு தூக்கிவந்த பன்னீர்செல்வத்தையும் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். அவன் முதலில் ஏறினான். பிறகு பழக்கத்தினாலோ என்னவோ, கீழே நின்ற அன்பரசிக்குக் கைநீட்டினான். "ஏறு மச்சான், வழுக்குது" என்றான். அதில் கேலி இல்லை. மூன்றாண்டுகளில் அவன் அவளிடம் கேலியில்லாமல் பேசிய முதல் வார்த்தை அது. அவள் அந்தக் கையைப் பற்றி ஏறினாள்.

மேலே நின்று அவள் செய்த வேலையை வெளியிலிருந்து பார்த்தவர்கள் அறியமாட்டார்கள். அவள் அந்த 'மச்சான்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவன் நகர்ந்து இடம்விட்டதையும் எடுத்துக்கொண்டாள். பெஞ்சின் உயரத்திலிருந்து ரயில் பாதையும் அதற்கப்பால் ஏரியும் தெரிவதை, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டால் யாரும் திரும்பிப் பார்க்காமலிருப்பதை, விசேஷ வீடுகளில் முன்னால் உட்கார்ந்து சாப்பிடும் தாயின் முகத்தை, ஒவ்வொன்றாக எடுத்துத் தனக்குள் அடுக்கினாள். பிஸ்தா பச்சைச் சுடிதாரை எடுத்து வெளியே வைத்தாள். தாவீது, "எல்லாம் மூச்சு இழுத்துப் புடிங்க. கண்ண மூடுனா காலம் பூரா சுவத்துல தூங்கிக்கினேதான் இருக்கணும்" என்றார். அவள் மூச்சை இழுத்தாள். அந்த நொடியில் அந்த இடத்தை அவள் விரும்பினாள். தாவீது பொத்தானை அழுத்தினார்.

படம் ஒழுங்காக வந்தது. எல்லம்மாள் இந்தக் கோடியில் நின்றாள். மேக்னா அந்தக் கோடியில். அன்பரசி பன்னீர்செல்வத்துக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லம்மாளின் அண்ணன் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனான். அன்றுமுதல் தாவீதின் கேமரா எவரையும் இடம் மாற்றவில்லை, ஒருவரைத் தவிர.

கோதண்டராமன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறு வாரம் வணிகவியல் படம் மீண்டும் எடுக்கப்பட்டது. அன்பரசி மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை கடன் வாங்கி வந்தாள். மாணவியர் கழிப்பறையில், அவளை முதன்முதலாக உள்ளே விட்ட அன்று, எல்லம்மாள் முழங்காலிட்டு அவளுக்குக் கொசுவம் மடித்துவிட்டாள். பெண்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். இரண்டாம் வரிசையில், தரையில், அன்பரசி நின்றாள்.

அச்சில் அவள் மூன்றாம் வரிசையில் இருந்தாள். சட்டை அணிந்து, பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலைமுடி ஒட்ட வெட்டி, பெஞ்சின்மேல் கைகட்டி நின்றாள். வேறு எவரும் மாறவில்லை. துறைத்தலைவர்கூடத் தம் நாற்காலியிலேயே இருந்தார். மீண்டும் எடுத்தார்கள். மீண்டும் அப்படியே வந்தது. அன்று பிற்பகல் முழுவதும் அவள் இரண்டாம் வரிசையில் நின்றாள். புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, முன்பு எதையெல்லாம் விரும்பினாளோ அதையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். நினைவு வந்தது, ஆசை வரவில்லை. கடைசியில் பெண்கள் வெயில் தாளாமல் முணுமுணுத்தார்கள். கோதண்டராமன் வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் நீ கேட்டதைக் குடுத்துட்டேம்பா. உனக்கே வேண்டாம்னா நான் என்ன பண்றது?" என்றார். அச்சகத்துக்குப் பழைய பெயரையே எழுதி அனுப்பினார்.

வைகாசியில் எல்லம்மாளுக்குக் கல்யாணம் நடந்தது. மேக்னா மணமேடையில் அவள் பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதன்பின் இருவரும் சந்தித்ததாகத் தகவல் இல்லை. அடுத்த ஆண்டு ஒருநாள் செய்யூர்ப் பேருந்தில் எல்லம்மாள் கணவனோடு ஏறினாள். அன்பரசி எழுந்து இடம் கொடுத்தாள். கணவன் யாரென்று கேட்க, எல்லம்மாள் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எங்க காலேஜு அண்ணா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். செங்கல்பட்டு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். வேண்டா மட்டும் அந்தப் படத்தால் மகிழ்ந்தாள். ஒரு பிரதி வாங்கி வீட்டில் மாட்டி, பொட்டு வைத்து, "இப்பத்தான்டா புள்ளையாட்டம் நிக்கற" என்று சொல்லி, வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். அன்பரசி இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவளை யார் எங்கே எந்த உடையில் எடுத்தாலும் படத்தில் சட்டையோடுதான் வருகிறாள். அடையாள அட்டை கொடுக்கும் அலுவலகங்களில் எதிரே நிற்பவளையும் படத்தில் இருப்பவனையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்; அது அப்படித்தான் வரும் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்வார்; முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள்.

வணிகவியல் படத்தை நடைக்கூடத்தில் மாட்டத் தாவீதே வந்தார். வெயில் கடுமையாக இருந்தது, தேர்வுக்கு முந்தைய விடுமுறை விட்டாயிற்று, ஹால்டிக்கெட்டைத் திருப்பி வாங்க வந்த அன்பரசி மட்டும் அங்கே நின்றாள். அவர் ஏணிமேல் நின்றபடி, வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு, அவளைக் குனிந்து பார்த்தார்.

"இன்னொரு தபா எடுத்துப் பாக்கலாமாம்மா? லைட்டு நல்லா கீது."

"வேணாண்ணா. எல்லாரும் நல்லாத்தான் நிக்கறாங்க" என்றாள் அவள். "இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க."

அவர் இடது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, ஆணியை அடித்து முடித்தார். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம்.